பழைய ஆர்எஸ் எடுப்பதா, புது ஆர்எஸ் எடுப்பதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்

ஆர்எஸ்_ஆசை | வெள்ளி, இரவு 11:42

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், சுருக்கமாகக் கேட்கிறேன். பழைய ஆர்எஸ் கார் ஒன்று, புது ஆர்எஸ் கார் ஒன்று, இரண்டையும் பார்த்துவிட்டேன், ஓட்டியும் பார்த்துவிட்டேன். பழையது விலை குறைவு, சத்தம் மனசை அள்ளுகிறது. புதியது வளைவில் இன்னும் இறுக்கமாகப் போகிறது, ஆனால் விலை எகிறுகிறது. பழையதை வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்பணம் கேட்கிறார். வேறு ஒருவரும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். எதை எடுக்கலாம்? வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள். எட்டு வருடக் கனவு இது.

பெல்லந்தூர்_பயணி | 11:55

எந்த ஆர்எஸ் ப்ரோ? ஆடியிலும் ஆர்எஸ் இருக்கிறது, ஸ்கோடாவிலும் இருக்கிறது. விலையும் சொல்லவில்லை.

ஓசூர்வாசி | சனி, 12:20

ஸ்கோடா ஆக்டேவியாவாகத்தான் இருக்கும். ஆனால் அதிலும் லாரா ஆர்எஸ்ஸா, 230-ஆ, 245-ஆ, 2025-ல் வந்ததா? எந்த ஆண்டு, எத்தனை கி.மீ., எந்த ஊர்ப் பதிவு, எத்தனையாவது கை? தினமும் ஆபீசுக்கா, சனி ஞாயிறுக்கு மட்டுமா? இதெல்லாம் தெரியாமல் யார் என்ன சொல்ல முடியும்?

கியர்_கிறுக்கன் | 12:31

எதுவாக இருந்தாலும் பழையதை எடுத்து ரீமேப் செய்துவிடுங்கள், அதாவது இன்ஜின் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டிவிடுங்கள். மிச்சப் பணத்தில் நல்ல டயர், நல்ல பிரேக் பேட். முடிந்தது.

இன்ஜின்_வாத்தியார் | காலை 6:10

கேள்வி கேட்பதற்கு முன் கொஞ்சம் படித்துவிட்டு வருவது நல்லது தம்பி. இதே கேள்விக்கு நான் பலமுறை பதில் எழுதியிருக்கிறேன்.

மறுபடியும் சொல்கிறேன். நம் நாட்டுக்கு முதலில் வந்தது 1.8 டர்போ, 150 குதிரைத்திறன். 2011-ல் லாரா ஆர்எஸ், 1.8 டிஎஸ்ஐ, 160 குதிரைத்திறன், 6 கியர் மேனுவல். 2017 ஆகஸ்டில் ஆர்எஸ் 230, 2 லிட்டர், 350 நியூட்டன் மீட்டர், 6 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்), ஷோரூம் விலை 24.62 லட்சம். 2020-ல் ஆர்எஸ் 245, 370 நியூட்டன் மீட்டர், 7 கியர் டிஎஸ்ஜி, 35.99 லட்சம், மொத்தமே 200 கார். 2025 அக்டோபரில் வந்தது 265 குதிரைத்திறன், 49.99 லட்சம், 100 கார்.

230, 245 இரண்டில் ஒன்று என்றால் உங்கள் கேள்வியே தவறு. இரண்டும் ஒரே மூன்றாம் தலைமுறை ஆக்டேவியாதான். பழைய தலைமுறை, புது தலைமுறை என்று சொல்வதே பொருந்தாது. அடிப்படை தெரியாமல் இவ்வளவு பணம் போடுகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

பெல்லந்தூர்_பயணி | 8:05

வாத்தியார் சார், உடல் ஒன்றுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கியர்பாக்ஸ் வேறு, டிஃபரென்ஷியல் வேறு, புகை விதியில் ஒன்று பிஎஸ்4, இன்னொன்று பிஎஸ்6. ஒன்று இங்கே கோத்தது, இன்னொன்று முழுசாக இறக்குமதி ஆனது. பணம் கொடுக்கிறவருக்கு இது தலைமுறை வித்தியாசம்தான்.

ஆர்எஸ்_ஆசை | 9:20

மன்னிக்கவும், ஆர்எஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். பழையது 230, 2018 மாடல், 58,000 கி.மீ., 22.5 லட்சம் சொல்கிறார். புதியது 245, 2021-ல் பதிவானது, 31,000 கி.மீ., 35 லட்சம். நான் இருப்பது பெங்களூர் எச்எஸ்ஆர் லேஅவுட், ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி, வாரத்தில் மூன்று நாள். மாதம் ஒருமுறை சேலம், அம்மா அப்பாவைப் பார்க்க. 35 லட்சம் வரை போக முடியும், ஆனால் மூச்சு முட்டும்.

செம்பருத்தி | 10:48

ஐந்து வருடமாக 230 வைத்திருக்கிறேன். என் தம்பி 245 வைத்திருக்கிறான். இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் வேகம். 0-100 கணக்கில் 230-க்கு 6.8 வினாடி, 245-க்கு 6.6. இந்த வித்தியாசத்துக்காக 12.5 லட்சம் கொடுக்காதீர்கள், உடம்புக்குத் தெரியவே தெரியாது. தெரிவது வளைவில்தான். 245-ல் முன் அச்சில் விஏக்யூ இருக்கிறது. டிஃபரென்ஷியலுக்குப் பக்கத்திலேயே பல தட்டு கிளட்ச் ஒன்றை வைத்து, பிடிமானம் இருக்கிற வெளிச்சக்கரத்துக்கு இழுவையைத் தள்ளிவிடும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டையும் ஏற்றியிருக்கிறோம். வளைவு பாதி திரும்பும்போதே 245-ல் ஆக்சிலரேட்டரை மிதிக்கலாம், மூக்கு உள்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். 230-ல் அந்த இடத்தில் ஒரு நொடி பொறுக்க வேண்டும். பொறுக்காவிட்டால் உள்சக்கரம் கீச்சென்று சுற்றும், ஸ்டீயரிங் கையை உதறும். எனக்கு அந்தப் பொறுமை பிடித்திருக்கிறது. தம்பிக்குப் பிடிக்காது.

இதற்காக நீங்கள் 12.5 லட்சம் கொடுப்பீர்களா என்பதுதான் கேள்வி. மாதம் ஒரு சேலம் பயணம் என்றால் நான் கொடுக்க மாட்டேன். தொப்பூர் இறக்கத்தில் லாரிகளுக்கு நடுவே விஏக்யூவுக்கு வேலையே இல்லை. ஏற்காடு அடிக்கடி ஏறுவீர்கள் என்றால் வேறு கதை.

இரண்டாவது, அந்த 58,000. 230-ல் இருப்பது எண்ணெயில் ஊறிய கிளட்ச் வைத்த 6 கியர் டிஎஸ்ஜி. 1.8 டிஎஸ்ஐ ஆக்டேவியாவில் வந்த உலர் கிளட்ச் 7 கியர் பெட்டியோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், டிஎஸ்ஜி என்றாலே பயப்படுகிறவர்கள் சொல்லும் கதைகளில் பெரும்பாதி அந்தப் பெட்டியுடையது. ஆனால் இதற்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கியர் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியே ஆக வேண்டும். விற்கிறவர் மாற்றிவிட்டாரா, இல்லை அந்தச் செலவு வருவதற்கு முன்னால் தள்ளிவிடுகிறாரா என்று ரசீதோடு கேளுங்கள்.

மூன்றாவது, காரை இரவெல்லாம் நிறுத்தி வைத்து, காலையில் நீங்கள் போன பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், ஜில்லென்று இருக்க வேண்டும். டார்ச் அடித்து இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே பாருங்கள். இந்த இன்ஜினில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் பிளாஸ்டிக் கூட்டில் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன. அங்கே இளஞ்சிவப்பாக உப்புப் பூத்த மாதிரி படிந்திருந்தால் கூலன்ட் கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஓட்டத்தில் அது தெரியாது.

அப்புறம் பேஸ்மென்ட் சரிவில் பின்னோக்கி மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஏறும்போது நடுக்கம் இருந்தால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. டயர் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். பக்கச் சுவரை உள்பக்கமும் விரலால் தடவுங்கள். நம் ஊர்ப் பள்ளங்களில் ஒரு முறை அடித்தாலும் உள்பக்கம்தான் முதலில் புடைக்கும். என் காரில் சர்ஜாபூர் ரோட்டுப் பள்ளம் ஒன்றே இரண்டு டயரைத் தின்றது. வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, விரலுக்குத்தான் தட்டுப்பட்டது.

இதையெல்லாம் 245-லும் செய்யுங்கள். 31,000 என்பதால் விட்டுவிடாதீர்கள்.

கியர்_கிறுக்கன் | 11:15

அக்கா சொன்னது எல்லாம் சரி. ஆனால் 230-ஐ ரீமேப் செய்தால் 245-ஐத் தாண்டிவிடும். இந்த இன்ஜின் 300 குதிரைத்திறனை அலட்டாமல் தாங்கும். 12 லட்சம் எதற்கு?

செம்பருத்தி | 11:32

தம்பி, முன் சக்கரம் இரண்டுக்கும் இப்போது இருக்கிற 350 நியூட்டன் மீட்டரையே ஈர ரோட்டில் கீழே இறக்க முடியவில்லை. இன்னும் கூட்டினால் புகைதான் கூடும். தவிர, இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லாமல் செய்த மாற்றம் கிளெய்ம் நேரத்தில் வந்து நிற்கும். அதையும் சொல்லிவிட்டு அறிவுரை கொடுங்கள்.

இன்ஜின்_வாத்தியார் | 11:50

செம்பருத்தி அவர்கள் சொன்னதில் பெரும்பாலும் சரி. நானே எழுதியிருப்பேன், நேரமில்லை. ஒன்றை விட்டுவிட்டார். 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முந்தைய கார்கள் பலவும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பெல்லந்தூர்_பயணி | 11:58

சார், இரண்டுமே அதற்கு முந்தையவைதானே? அதை வைத்து இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

ஓசூர்வாசி | மதியம் 12:40

முக்கியமானதை இன்னும் சொல்லவில்லை நண்பரே. எந்த ஊர்ப் பதிவு? மூன்றாவது முறையாகக் கேட்கப் போவதில்லை.

ஆர்எஸ்_ஆசை | 1:05

245 கேஏ, கர்நாடகப் பதிவு. 230 கோயம்புத்தூர் வண்டி, டிஎன் பதிவு. ஆள் போன மாதம்தான் வேலைக்காக இங்கே வந்திருக்கிறார். அது பெரிய விஷயமா?

ஓசூர்வாசி | 1:20

பெரிய விஷயமா என்றா கேட்கிறீர்கள்! முழுக் கணக்கும் மாறுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவுப்படி 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். கர்நாடகாவில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அதன் மேல் செஸ். 24.62 லட்சத்துக்கு, புது காராக இருந்தால் 4.43 லட்சம். வயதுக்கு ஏற்பக் கழிப்பார்கள், ஆனாலும் கணிசமாக வரும். 22.5 என்று நினைக்காதீர்கள். 245-ல் அந்த வரி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது.

கியர்_கிறுக்கன் | 1:34

நான் ஆறு வருடமாக டிஎன் நம்பரில்தான் பெங்களூரில் ஓட்டுகிறேன். யாரும் கேட்டதில்லை. மாதம் ஒருமுறை அத்திப்பள்ளி எல்லை தாண்டிப் போய்விட்டு வந்தால் போதும், ஃபாஸ்டேக் கணக்கு சாட்சி.

ஓசூர்வாசி | 1:41

சனி ஞாயிறு போய்வருவது சாட்சி ஆகாது. மற்ற நாளெல்லாம் வண்டி எச்எஸ்ஆரில் நிற்கிறது, ஆதார், வாடகை ஒப்பந்தம், ஆபீஸ் எல்லாம் இங்கே. ஆபீசர் ஒரு கேள்வி கேட்டால் பதில் இருக்காது.

பெல்லந்தூர்_பயணி | 2:10

30 நாள் தாண்டினால் முழு வரி என்று 2014-ல் இங்கே கொண்டு வந்த திருத்தத்தை உயர் நீதிமன்றம் 2016-ல் ரத்து செய்தது. அதனால் 12 மாதம் வரை அவருக்கு நேரம் இருக்கிறது. பயமுறுத்த வேண்டாம்.

ஓசூர்வாசி | 2:18

நேரம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. செலவு இருக்கிறது என்கிறேன். நாம் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதால் அந்த நம்பர் பிளேட்டின் மேல் ஒரு பாசம், அதனாலேயே பலர் வருடக்கணக்கில் தள்ளிப் போடுகிறோம். நானும் தள்ளிப் போட்டவன்தான். கடைசியில் அபராதத்தோடு கட்டினேன்.

கியர்_கிறுக்கன் | 2:25

ஓசூரில் வீடு இருக்கிற நீங்கள் ஏன் கேஏ-வுக்கு மாற்றினீர்கள்? அதுதான் எனக்குப் புரியவில்லை.

ஓசூர்வாசி | 2:33

ஓசூரில் இருப்பது அப்பா வீடு. நான் இருப்பது பொம்மனஹள்ளி. பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இன்ஜின்_வாத்தியார் | 3:00

இழை எங்கேயோ போய்விட்டது. கேட்டது காரைப் பற்றி.

செம்பருத்தி | 3:26

இதுவும் காரைப் பற்றித்தான் சார். எனக்கும் இது தெரியாமல் இருந்தது, எழுதியதில் ஒரு பெரிய ஓட்டை. ஆசை, விற்கிறவரே கோயம்புத்தூர் ஆர்டிஓவில் தடையில்லாச் சான்று வாங்கித் தரட்டும், படிவம் 28. கார் கடனில் இருந்தால் முதலில் வங்கியின் படிவம் 35 வேண்டும், அது இல்லாமல் சான்று நகராது. மறுபதிவு முடிந்ததும் தமிழ்நாட்டில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், அது முதலில் கட்டியவருக்கா உங்களுக்கா என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் ஒத்துக்கொள்ளாமல் ஞாயிறு ஞாயிறு என்று அவசரப்படுத்தினால் அந்தக் காரை விட்டுவிடுங்கள். இன்னொரு 230 வரும்.

வரியைச் சேர்த்த பிறகும் இரண்டுக்கும் நடுவே எட்டு, ஒன்பது லட்சம் இருக்கும். என் பதில் மாறவில்லை, ஆனால் முன்பைவிடக் கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன்.

பெல்லந்தூர்_பயணி | ஞாயிறு, இரவு 9:15

ஆசை ப்ரோ, என்ன ஆச்சு?

பெல்லந்தூர்_பயணி | செவ்வாய், 8:40

ப்ரோ?

ஆர்எஸ்_ஆசை | வியாழன், இரவு 10:58

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஆபீசில் ரிலீஸ். 230-ஐயே எடுத்துவிட்டேன். இளஞ்சிவப்புப் படிவு இருந்தது, செம்பருத்தி அக்கா சொன்ன அதே இடம். டயரில் 1118, நாலும் கார் வந்தபோது போட்டதே. இரண்டையும் காட்டியதும் 1.4 லட்சம் குறைத்தார். படிவம் 35 கைக்கு வந்துவிட்டது, 28-க்கு விண்ணப்பித்திருக்கிறார். பாதிப் பணம் சான்று வந்த பிறகுதான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். இன்று காலை அம்மாவை உட்கார வைத்து ஒரு சுற்றுப் போனேன். ரொம்ப நன்றி எல்லோருக்கும்.

செம்பருத்தி | 11:10

வாழ்த்துகள்! கியர் ஆயில் மாற்றிய ரசீது காட்டினாரா?

ஓசூர்வாசி | 11:14

வரி திரும்ப வந்தால் யாருக்கு என்று எழுதினீர்களா?

செம்பருத்தி | திங்கள், காலை 7:30

ஆசை, அந்த ரசீது. 60,000-க்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.