92 மைல் ஸ்விங் வேகம், வலப்பக்கம் வளையும் பந்து: எந்த டிரைவர் எடுப்பது?

பச்சைப்புல்:
வணக்கம். கோல்ஃபில் முதல் அடிக்கு எடுக்கும் நீள மட்டையான டிரைவரை மாற்றலாம் என்று இருக்கிறேன். இப்போது கையில் இருப்பது 460 சிசி ஹெட் (மட்டையின் தலை), 9 டிகிரி லாஃப்ட் (பந்தைத் தொடும் முகமான ஃபேஸின் சாய்வு), 45.75 அங்குல நீளம், 65 கிராம் ஸ்டிஃப் (விறைப்பான) ஷாஃப்ட் (தண்டு). வலது கை ஆட்டம்.

லாஞ்ச் மானிட்டர் (அடியை அளக்கும் கருவி) சராசரி: கிளப் வேகம் மணிக்கு 92 மைல், பந்து வேகம் 129, லாஞ்ச் கோணம் (பந்து கிளம்பும் கோணம்) 9 டிகிரி, பேக்ஸ்பின் (பின்சுழல்) நிமிடத்துக்கு 3500, அட்டாக் ஆங்கிள் (மட்டை பந்தை நோக்கி வரும் கோணம்) மைனஸ் 3, அதாவது கீழ்நோக்கி. கேரி (பந்து காற்றில் போகும் தூரம்) 190 யார்டை ஒட்டி நிற்கிறது. பத்துப் பந்தில் ஆறு வலப்பக்கம் வளைகிறது.

ஸ்பின் அதிகமாக இருப்பதால் லோ ஸ்பின் ஹெட் எடுக்கச் சொல்கிறார்கள் சிலர். டிரா பயஸ் (பந்தை இடப்பக்கம் திருப்ப உதவும் ஹெட்) எடு என்கிறார்கள் வேறு சிலர். 10கே ஹெட்தான் (நடுவில் படாவிட்டாலும் எளிதில் திரும்பாதது) சரி என்று இன்னொரு தரப்பு. எதை வைத்து முடிவு செய்வது?

ஸ்வீட்ஸ்பாட்:
வணக்கம் நண்பரே. நீங்கள் கொடுத்த எண்களில் முதலில் கண்ணில் படுவது ஸ்பின் இல்லை, பந்து வேகம். 129-ஐ 92-ஆல் வகுத்தால் 1.40. டிரைவரில் ஃபேஸ் நடுவில் பட்டால் இது 1.48-க்கு மேல் வரும். அதாவது பந்து நடுவில் படவில்லை. எங்கே படுகிறது என்று தெரியாமல் ஹெட் வாங்கினால் அதே தவறைப் புது மட்டையில் செய்வீர்கள்.

காலுக்கு அடிக்கிற பவுடர் ஸ்பிரே ஒன்று வாங்கி, ஃபேஸ் மேல் மெல்லிய படலமாக அடியுங்கள். ஒவ்வொரு பந்துக்கும் வட்டமாக ஒரு தடம் விழும், பந்தின் குழிகள்கூட அச்சாகத் தெரியும். மூன்று பந்துக்கு ஒருமுறை துடைத்து மறுபடி அடிக்கவும். 15 பந்து போதும். ஸ்டிக்கர் ஒட்டிப் பார்க்க வேண்டாம், அதன் தடிமன் ஸ்பினையே மாற்றிவிடும்.

தடம் ஹீல் பக்கம் (ஷாஃப்ட் சேரும் பக்கம்) விழுந்தால், ஸ்லைஸில் (உங்கள் வலப்பக்க வளைவில்) ஒரு பங்கு அங்கிருந்தே வருகிறது. டிரைவரின் ஈர்ப்பு மையம் ஃபேஸுக்கு வெகு பின்னால் இருப்பதால், ஹீலில் பட்டதும் ஹெட் ஒரு பக்கம் திரும்பும், பந்து எதிர்ப்பக்கம் சுழலும். வலது கைக்காரருக்கு அது வலப்பக்க வளைவு. தடம் கீழே விழுந்தால் இதே விளைவு மேலும் கீழுமாக நடக்கும்: லாஞ்ச் இறங்கும், பேக்ஸ்பின் ஏறும். உங்கள் 9 டிகிரி, 3500 என்ற ஜோடி அப்படியே ஃபேஸின் கீழ்ப்பகுதிக்கு உரியது.

லோ ஸ்பின் ஹெட்டில் எடை முன்னால் இருக்கும். அதனால் லாஞ்ச் இன்னும் குறையும், நடுவை விட்டு விலகிப் பட்டால் வேகமும் சட்டென்று விழும். 92 மைலுக்கு, அதுவும் கீழ்நோக்கி இறங்கும் ஸ்விங்குக்கு, அது வேண்டவே வேண்டாம். 10.5 அல்லது 11 டிகிரி லாஃப்டில், எடை பின்பக்கம் உள்ள ஹெட்டைப் பாருங்கள். லாஃப்ட் கூடினால் பந்து வளைவதும் கொஞ்சம் குறையும், ஏனென்றால் அதே அளவு ஃபேஸ் திறந்திருந்தாலும் சுழல் அச்சு அவ்வளவு சாயாது.

10கே (10,000) விஷயம்: 2024-ல் டெய்லர்மேட் கியூஐ10 மேக்ஸ், பிங் ஜி430 மேக்ஸ் 10கே இரண்டும் இந்த எண்ணைச் சொல்லி வந்தன. இது இரண்டு திசை எம்ஓஐ-யின் (ஹெட் திரும்புவதை எதிர்க்கும் அளவின்) கூட்டுத்தொகை. விதி கட்டுப்படுத்துவது ஹீல்–டோ (டோ என்பது ஹீலுக்கு எதிர்முனை) திசையை மட்டும்: 5900, அதற்கு மேல் அளவீட்டுச் சலுகை 100. எண் பொய்யில்லை, பயனும் உண்டு. ஆனால் திறந்த ஃபேஸை அது மூடித் தராது.

ஷாஃப்ட்பிரியன்:
மேலே சொன்னது சரி, ஆனால் ஹெட்டுக்கு முன்னால் நீளத்தைப் பேச வேண்டும். 45.75 அங்குலம் பலருக்கு அதிகம். கடையில் அந்த நீளத்தில் விற்கக் காரணம் மானிட்டரில் வேகம் கூடித் தெரிவதுதான். எலைட் போட்டிகளில் நீளத்தை 46 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்ளும் உள்ளூர் விதி 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது, பொது விதியில் 48 வரை அனுமதி. அனுமதி இருப்பது வேறு, நமக்குப் பொருந்துவது வேறு.

வெட்டுவதற்கு முன் கிரிப்பை ஒரு அங்குலம் கீழே பிடித்து 15 பந்து அடித்து, அதே ஸ்பிரே சோதனையைச் செய்யுங்கள். தடங்கள் நெருங்கி விழுந்தால் 45 அல்லது 44.75-க்குப் போகலாம். இங்கே பலர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அரை அங்குலம் குறைத்தால் ஸ்விங்வெயிட் (வீசும்போது ஹெட் எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்ற அளவு) சுமார் 3 புள்ளி இறங்கும், டி3 இருந்தது டி0 ஆகும். ஹெட் எங்கே இருக்கிறதென்றே கைக்குத் தெரியாது, டைமிங் கெடும். ஹெட்டில் 2 கிராம் கூட்டினால் 1 புள்ளி திரும்பி வரும். ஆகவே அரை அங்குலத்துக்குச் சுமார் 6 கிராம், முக்கால் அங்குலத்துக்கு 9. சோலில் (ஹெட்டின் அடிப்பகுதியில்) உள்ள எடைத் திருகை மாற்றினாலே போதும். எடைத் திருகு இல்லாத ஹெட்டை வாங்கவே வேண்டாம்.

ஷாஃப்ட் மேல் உள்ள ஃப்ளெக்ஸ் (வளையும் தன்மை) எழுத்தை நம்பாதீர்கள். ஸ்டிஃப், ரெகுலர் என்பதற்குத் தொழில் முழுவதற்குமான அளவுகோல் கிடையாது. ஒரு கம்பெனியின் ஸ்டிஃப் இன்னொன்றின் ரெகுலராக இருக்கும். எடையிலிருந்து தொடங்குங்கள். உங்கள் வேகத்துக்கு 50 முதல் 60 கிராம் வரை இரண்டு மூன்று ஷாஃப்ட் எடுத்துப் பாருங்கள். ரொம்ப லேசாகப் போனால் மேலிருந்து கையால் இழுத்துவிடும் பழக்கம் வரும், ஸ்லைஸ் கூடும்.

திருகுசாவி:
லாஃப்ட் ஸ்லீவ் (ஷாஃப்டை ஹெட்டோடு இணைக்கும், திருப்பி அமைக்கக்கூடிய உறை) பற்றி ஒரு குழப்பம் எல்லா இடத்திலும் ஓடுகிறது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஸ்லீவைத் திருப்பினால் ஹெட்டின் லாஃப்ட் மாறாது. ஷாஃப்ட் ஹெட்டுக்குள் இறங்கும் சாய்வுதான் மாறும். மட்டையை அப்படியே தரையில் வைத்துப் பிடிப்பவருக்கு, லாஃப்டைக் கூட்டும் அமைப்பில் ஃபேஸ் இடப்பக்கம் மூடித் தெரியும். ஃபேஸைக் கையால் நேராக்கிப் பிடிப்பவருக்குத்தான் உண்மையில் லாஃப்ட் கூடும். நீங்கள் எந்த வகை என்று பாருங்கள். லாஃப்டைக் குறைத்தால் ஃபேஸ் திறக்கும், ஸ்லைஸ் அடிப்பவர் 10.5-ஐ வாங்கி 9-க்கு இறக்குவது தலைகீழ் வேலை.

ஸ்லீவை இறுக்கும் சாவி பெரும்பாலும் 40 இன்ச்-பவுண்டு முறுக்குவிசைக்கு அமைந்திருக்கும், 'டக்' என்று சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் அடிக்கும்போது 'டிக்' சத்தம் கேட்கும். கூட இறுக்கினால் திருகின் மரை போய்விடும். ஒரு பிராண்டின் ஸ்லீவ் இன்னொன்றில் ஏறாது, ஷாஃப்டை மட்டும் தனியே வாங்கும்போது ஸ்லீவ் எதுவென்று கேட்டுக்கொள்ளுங்கள்.

டிரா பயஸ் பற்றி மேலே யாரும் பேசவில்லை. ஹீல் பக்கம் எடை வைத்த ஹெட்டில் ஈர்ப்பு மையமும் ஹீலுக்கு நகரும். ஹீலில் அடிப்பவருக்கு அது இரண்டு வகையில் உதவி. டோவில் அடித்து ஸ்லைஸ் ஆகிறவருக்குப் பலன் குறைவு.

பச்சைப்புல்:
அனைவருக்கும் நன்றி. ஸ்பிரே அடித்துப் பார்த்தேன். 15-ல் 11 தடம் ஹீல் பக்கம், நடுவிலிருந்து ஏறக்குறைய 2 சென்டிமீட்டர். அதில் பாதி நடுக்கோட்டுக்குக் கீழே. கிரிப்பைக் கீழே பிடித்தபோது ஹீல் தடம் 15-ல் 5 ஆகக் குறைந்தது. கீழே படுவது மட்டும் மாறவில்லை. ஃபிட்டிங் (மட்டையை ஆளுக்கேற்பப் பொருத்திப் பார்க்கும் சோதனை) போகும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஸ்வீட்ஸ்பாட்:
அப்படியானால் குட்டை ஷாஃப்ட், 10.5 அல்லது 11 டிகிரி, ஹீல் பக்கம் எடை வைக்கக்கூடிய ஹெட். தேடலை இதற்குள் அடக்குங்கள். கீழே படுவதைச் சரிசெய்ய முதலில் டீயை (பந்தை வைக்கும் முளையை) உயர்த்துங்கள்: டிரைவரைத் தரையில் வைத்தால் பந்தில் பாதி கிரவுனுக்கு (ஹெட்டின் மேற்பரப்புக்கு) மேலே தெரிய வேண்டும். பந்தை முன்காலின் குதிகாலுக்கு நேராக வையுங்கள். மைனஸ் 3-ஐப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலே ஸ்பின் இறங்கும், அதற்கு ஹெட் வாங்க வேண்டாம்.

ஃபிட்டிங்கில் முதலில் பழைய டிரைவரையே அடித்து எண்களைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நீங்கள் ஆடும் பந்தையே கொண்டுபோங்கள், ரேஞ்ச் (பயிற்சி மைதான) பந்தின் ஸ்பின் வேறு. உள்ளரங்கம் என்றால் ஸ்பின் அளக்கப்படுகிறதா, கணக்கிட்டுக் காட்டப்படுகிறதா என்று கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒவ்வொன்றுக்கும் 6 முதல் 8 பந்து. அதிகத் தூரம் போன ஒரு பந்தைப் பார்த்து மயங்காதீர்கள். இடம்–வலம் எத்தனை யார்டு சிதறுகிறது என்பதை எழுதிக்கொள்ளுங்கள். லாஞ்ச் 12–13, ஸ்பின் 2500–2800, பந்து வேகம் 133-க்கு மேல் வந்தால் உங்கள் வேகத்துக்கு அது நல்ல அமைப்பு.

திருகுசாவி:
பழையது வாங்குவதாக இருந்தால் இரண்டு சோதனை. ஃபேஸும் கிரவுனும் சேரும் கோட்டில் நகத்தை ஓட்டுங்கள், மயிரிழை விரிசல் இருந்தால் தட்டும். அடுத்து ஷாஃப்டின் நீளத்தை அளங்கள், முன்பு வைத்திருந்தவர் வெட்டியிருக்கலாம். போட்டியில் ஆடுபவர் என்றால் ஹெட்டும் லாஃப்டும் அனுமதிக்கப்பட்ட டிரைவர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்லீவையும் எடையையும் முதல் டீக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், சுற்று தொடங்கிய பின் மாற்றிய மட்டையால் அடித்தால் விதி 4.1-ன்படி தகுதியிழப்பு.