இடுப்பில் வைக்கும் பிஸ்டல்: வேலூர்ப் பக்கத்து அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து, மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

ஆம்பூருக்கு அருகே தோல் பதனிடும் ஆலை நடத்தும் ஒருவர், துப்பாக்கி உரிமம் கைக்கு வந்த வாரத்திலேயே என் வீட்டுக்கு வந்து, கைப்பேசியில் நான்கு பிஸ்டல்களின் படங்களைக் காட்டினார். கிளாக் 19, சிக் சாவர் பி226, பெரெட்டா 92, வால்தர் பிபிகே என்ற அந்த நான்கில் எது சிறந்தது என்று மட்டும் சொன்னால் போதும், பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றார். அவர் காட்டிய முதல் மூன்றும் 9 மி.மீ. தோட்டாவுக்கானவை என்பதையும், அந்த அளவு நம் நாட்டில் தடை செய்யப்பட்ட அளவுகளின் பட்டியலில் இருப்பதால் கலெக்டர் அலுவலகம் வழங்கும் சாதாரண உரிமத்தில் அவற்றை வாங்க முடியாது என்பதையும் நான் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும் அவருடைய கேள்வி நல்ல கேள்வி. அந்த வகைத் துப்பாக்கிகளைப் பணியில் இருந்தபோது கையாண்டவன் என்ற முறையில் அதற்கு விரிவாகவே பதில் சொன்னேன். அதையே இங்கும் எழுதுகிறேன்.

நான் பணியில் சேர்ந்த காலத்தில் கோத்து எனப்படும் ஆயுதக் கிடங்கிலிருந்து எங்களுக்குத் தரப்பட்டது, இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்த 9 மி.மீ. 1ஏ பிஸ்டல். அது 1935இல் வெளிவந்த பிரௌனிங் ஹை பவர் என்ற பிஸ்டலின் வழி வந்தது. தோட்டாக்களை அடுக்கும் மேகசினில் 13 தோட்டாக்கள் கொள்ளும். குறியில் பிழை சொல்ல முடியாத ஆயுதம் அது. ஆனால் சுடுவதற்குத் தயாராகத் தோட்டா நிற்கும் அறையான சேம்பரில் தோட்டா இல்லாமல்தான் அதை உறையில் வைத்திருக்க வேண்டும் என்பது எங்களுக்கு இருந்த கட்டளை. ஒருமுறை பாதுகாப்புப் பயிற்சியில், காக்க வேண்டியவராக நடித்த நண்பரை இடக்கையால் தோளைப் பிடித்துக் கீழே அழுத்திக்கொண்டே வலக்கையால் பிஸ்டலை எடுத்தேன். எடுத்த பிறகுதான், தோட்டாவைச் சேம்பரில் ஏற்றுவதற்காகத் துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடை இழுக்க எனக்கு இன்னொரு கை இல்லை என்பது உறைத்தது. அன்று எதிரே நின்றவர் கையில் இருந்தது மரத்துப்பாக்கி என்பதால் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பின்னாளில் கிளாக் கைக்கு வந்தபோது அந்தக் குறை தீர்ந்தது. சேம்பரில் தோட்டாவோடு வைத்திருக்கலாம். முதல் சுடுதலுக்கும் கடைசிச் சுடுதலுக்கும் ட்ரிகரின் இழுப்பு ஒன்றே. கூட்டுப் பயிற்சி ஒன்றில் பி226ஐயும் பெரெட்டாவையும் சுட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டும் கையில் கனமாக, அசையாமல் நிற்பவை. அவற்றின் வேலைப்பாட்டை நான் இன்றும் மதிக்கிறேன். இருந்தாலும் அவற்றில் முதல் இழுப்பு நீளமாகவும் கடினமாகவும் இருக்கும், இரண்டாவது முதல் இலகுவாகிவிடும். என்னுடைய முதல் தோட்டா ஒவ்வொரு முறையும் குறிக்குக் கீழே இடப்புறமாகப் போனது. அபாய நேரத்தில் முதல் தோட்டாதான் கணக்கு என்பதால், பணிக்கு எது என்று கேட்டால் நான் கிளாக்கையே சொல்வேன்.

அதற்கும் ஒரு விலை உண்டு. கிளாக்கில் கட்டைவிரலால் தள்ளும் தனிப் பாதுகாப்பு விசை கிடையாது. ட்ரிகர் மேலேயே ஒரு சிறு நாக்கு இருக்கும், விரல் பட்டால் அது விலகிவிடும். சுடும் பயிற்சி ரேஞ்சில் ஒருநாள் என் பக்கத்தில் நின்றவர் பிஸ்டலை அவசரமாக உறையில் செருகியபோது, அவருடைய சட்டையின் நுனி ட்ரிகர் வளையத்துக்குள் புகுந்துவிட்டது. பயிற்றுநர் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தியிராவிட்டால் தோட்டா தொடையில் இறங்கியிருக்கும். அதனால் இந்த வகைத் துப்பாக்கியை வைத்திருப்பவர்கள் ட்ரிகர் வளையத்தை முழுவதும் மூடும் கெட்டியான உறைக்குப் பணம் செலவழிக்கத் தயங்கக் கூடாது. உறையிலிருந்து எடுக்கும்போது வேகம் வேண்டும். திரும்ப வைக்கும்போது எந்த அவசரமும் இல்லை.

ஆலை முதலாளி கடைசியில் பழைய வால்தர் பிபிகே ஒன்றையே வாங்கினார். 1980களின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றுபோனதால், அதற்கு முன்பே நாட்டுக்குள் வந்தவைதான் கைமாறிக் கைமாறி லட்சக்கணக்கில் விலை போகின்றன. அது சுடும் .32 தோட்டாவின் ஆற்றல், 9 மி.மீ. தோட்டாவின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அளவில் சிறியதாக இருந்தும் அந்த பிஸ்டல் கையை உதைக்கும். ஏனெனில் அதன் குழல் அசையாமல் நிற்க, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே பின்விசையைத் தாங்குகின்றன. முதலாளியின் கை பெரியது. முதல் நாளே ஸ்லைடு பின்னால் வந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே தோலைக் கிழித்துவிட்டது.

பெரிய தொல்லை அதன் பிறகுதான் வந்தது. 2019இல் வேலூர் நாடாளுமன்றத் தொகுதித் தேர்தல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு ரத்தாகி ஆகஸ்ட் 5 அன்று நடந்ததை இந்தப் பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். தேர்தலை ஒட்டி ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்ததில், அவருடைய பிஸ்டல் பல வாரங்கள் எண்ணெய் காணாமல் துணிச்சுருளுக்குள் கிடந்தது. ஏற்கெனவே சித்திரை வெயிலில் இடுப்பு வியர்வை குடித்திருந்த நீல மெருகு எஃகில், திரும்பி வந்தபோது ஸ்லைடு ஓரமெல்லாம் துரு பூத்திருந்தது. மேகசின் ஸ்பிரிங்கும் தளர்ந்து கடைசி இரண்டு தோட்டாக்களை மேலே தள்ளவில்லை. மாற்று ஸ்பிரிங் தேடி அவர் அலைந்த அலைச்சலை நான் உடனிருந்து பார்த்தேன். நம் ஊர் வெயிலில் உடம்போடு ஒட்டி வைக்கப் போகும் ஆயுதத்துக்கு மெருகும் உதிரிப் பாகமும் பெயரை விட முக்கியம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுவே காரணம். லட்சங்களைக் கொட்டுவதற்கு முன்னால், அஷானி போன்ற உள்நாட்டு .32 பிஸ்டலையும் கையில் பிடித்துப் பாருங்கள்.

குடியாத்தத்திலிருந்து, நகை அடகுக்கடை நடத்தும் பெண்மணி:

ஐயா எழுதியதில் ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன். எல்லோருக்கும் பிஸ்டல்தான் என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு எந்த பிஸ்டல் என்று பார்ப்பது சரியல்ல. கணவர் மறைந்த பிறகு கடையைப் பூட்டிக்கொண்டு இரவில் தனியே வீடு திரும்ப வேண்டியிருந்ததால் நான் உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். ஆயுதம் கையாளும் பயிற்சியும் எடுத்தேன். பயிற்சியில் .32 பிஸ்டலின் ஸ்லைடை வியர்த்த கையால் முழுவதும் இழுக்க என்னால் முடியவில்லை. பாதி இழுத்து விட்டதில் தோட்டா கோணலாகச் சிக்கிக்கொண்டது. அதை விடுவிக்க எனக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த அரை நிமிடம் சாலையில் யார் தருவார்கள்?

அதனால் கான்பூரில் செய்யும் நிர்பீக் என்ற, ஸ்லைடு இல்லாமல் சுழலும் உருளையில் தோட்டா நிற்கும் ரிவால்வரை வாங்கினேன். 2014இல் பெண்களை மனத்தில் வைத்து வெளியிடப்பட்டது. டைட்டானியம் கலவையில் ஆனதால் எடை அரைக் கிலோ அளவுதான். ஆறு தோட்டாக்கள் மட்டுமே, ட்ரிகரும் கடினம். ஆனால் ஒவ்வோர் இழுப்பும் ஒரே மாதிரியான கடினம் என்பதால், ஐயா கிளாக்கில் விரும்பிய அதே குணத்தை நான் இதில் கண்டேன். ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும்.

எனக்கு இன்னும் முழுமையாகத் தீராத சிக்கல் உறைதான். புடைவையில் பெல்ட்டுக்கு இடமில்லை. கைப்பையில் வைத்தால் பையோடு பறித்துக்கொண்டு போவார்கள். இப்போது தோளின் குறுக்கே மாட்டும் தோல்பை ஒன்றை ஆம்பூரில் சொல்லித் தைத்து வாங்கியிருக்கிறேன். அதில் ரிவால்வருக்கென்று, ட்ரிகரை மூடும் கெட்டித் தோலில் தனி அறை உண்டு. அந்த அறைக்குள் கடைச் சாவியைக்கூட நான் போடுவதில்லை.