ஒரு பக்க வூஃபர் மட்டும் கரகரக்கிறது: புதிது வாங்குமுன் எதைச் சோதிப்பது?

கேள்வி

வணக்கம். என் ஒலிபெருக்கிப் பெட்டிகளில் இடப்பக்க வூஃபர் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் ஸ்பீக்கர்) தாழ்ந்த ஒலிகளில் கரகரக்கிறது. சில வேளைகளில் அறவே ஓய்ந்து, ஒலியளவைக் கூட்டியதும் மீண்டும் பாடத் தொடங்குகிறது. ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் இடது, வலது வயர்களை மாற்றிச் செருகியும் அதே பெட்டிதான் கரகரத்தது. உயர்ந்த ஒலிகளைத் தரும் ட்வீட்டரில் குறை தெரியவில்லை. புதிய வூஃபர் வாங்குமுன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

பதில் 1

உங்கள் சோதனையால் ஆம்ப்ளிஃபயர் மீதான சந்தேகம் நீங்குகிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குச் செல்லும் வயர் மீதான சந்தேகம் நீங்கவில்லை. ஆகவே பெட்டிப் பக்கத்திலும் வயர்களை மாற்றிப் பாருங்கள். பிறகு வூஃபரைக் கழற்றி, கிராஸ்ஓவரிலிருந்து (ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்தனுப்பும் சுற்று) வரும் இணைப்பை நீக்கிவிட்டு மல்டிமீட்டரில் அளவிடுங்கள். 8 ஓம் என்று குறிக்கப்பட்ட வூஃபர் பொதுவாக 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். மீட்டர் எதையும் காட்டாவிட்டால் வாய்ஸ் காயிலோ (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) அதற்குச் செல்லும் இழைக்கம்பியோ அறுந்திருக்கிறது.

பதில் 2

கோன் (வூஃபரில் அதிரும் கூம்பு) அசையாமல் இருக்கும்போது எடுக்கும் அளவை மட்டும் நம்ப வேண்டாம். ஒலியைக் கூட்டினால் உயிர் வருகிறது என்பதால், டெர்மினலிலிருந்து (வயர் இணையும் முனை) கோனுக்குச் செல்லும் பின்னல் இழைக்கம்பியையே நான் முதலில் சந்தேகிப்பேன். கோன் அசையும்போதெல்லாம் அதுவும் வளைவதால், நாளடைவில் உள்ளிழைகள் முறிந்து, முனைகள் தொட்டும் தொடாமலும் நிற்கும். மீட்டரை இணைத்தபடியே கோனை மெல்ல உள்ளே அழுத்துங்கள். அளவு அறுந்து அறுந்து வந்தால் பெரும்பாலும் அந்தக் கம்பிதான் காரணம்.

கேள்வி கேட்டவர்

வயரை மாற்றியும் கரகரப்பு அதே பெட்டியில்தான். வூஃபர் 6.1 ஓம் காட்டுகிறது. கோனை அழுத்தும்போது இணைப்பு விட்டுப்போகிறது. இனி அந்தக் கம்பியை எப்படி மாற்றுவது?

பதில் 2

ஒலிபெருக்கிகளுக்கென்றே விற்கப்படும் பின்னல் கம்பியையே பயன்படுத்துங்கள். சாதாரணச் செம்புக் கம்பி விரைவில் முறிந்துவிடும். மறுபக்கக் கம்பிக்கு இருக்கும் அதே தொய்வை இதற்கும் விடுங்கள். இழுவையாக இருந்தால் கோனின் ஓட்டம் தடைபடும், மிகையாகத் தொங்கினால் கோனில் மோதி அதுவே கரகரக்கும்.

பதில் 3

கம்பியை மாற்றிய பின்னும் கரகரப்பு நீடித்தால், டஸ்ட் கேப்பின் (கோனின் நடுவிலுள்ள மூடி) இருபுறமும் விரல்களை வைத்துச் சமமாக அழுத்திக் கேளுங்கள். உரசும் ஓசை வந்தால் வாய்ஸ் காயில் நடுவிலிருந்து விலகியிருக்கலாம், அல்லது சூட்டில் உருக்குலைந்திருக்கலாம். உருக்குலைந்ததைச் சரிசெய்ய முயல்வதைவிட வூஃபரை மாற்றுவதே மேல். ஃபோம் சரவுண்ட் (கோனின் விளிம்பைச் சுற்றியுள்ள நுரை வளையம்) மட்டும் பொடிந்திருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். திரும்பப் பொருத்துமுன் 1.5 வோல்ட் பேட்டரியை வூஃபரின் டெர்மினல்களில் ஒரு கணம் தொடவைத்துப் பாருங்கள்: பிளஸ்ஸோடு பிளஸ் சேர்ந்தால் பெரும்பாலான வூஃபர்களின் கோன் வெளியே வரும். இணைப்பு மாறிப்போனால் இரு பெட்டிகளின் தாழொலியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.