பாக் நீரிணையைக் கடந்தவர்கள்: பார்த்தவர்களும் பட்டவர்களும் சொல்லுங்கள்

தொடங்கியவர், ராமநாதபுரம்:

2025 செப்டம்பர் 1 முதல் வெளிநாட்டவர் தொடர்பான புதிய சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. கூடவே ஒரு விலக்கு ஆணையும் வந்தது. 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது, பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக நடவடிக்கை கிடையாது என்கிறது அது. அடுத்த நாளே எங்கள் தெருவில் ஒருவர், "அவங்களுக்கெல்லாம் குடியுரிமை கொடுத்தாச்சாம்" என்று ஆரம்பித்துவிட்டார். கொடுக்கவில்லை. தண்டிக்க மாட்டோம் என்று சொன்னார்கள், அவ்வளவுதான்.

தொலைக்காட்சி விவாதங்களில் 'சட்டவிரோதக் குடியேறி' என்று ஒருவர் வருகிறார். அவரை நேரில் பார்த்தவர்கள் எங்கள் கடற்கரைப் பக்கம் நிறைய. கருத்து எங்கும் கிடைக்கும். நீங்கள் கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

பாம்பன் மீனவர்:

நான் நாட்டுப்படகுக்காரன். 2022 மார்ச்சில் இலங்கையில் இருந்து முதல் குடும்பங்கள் வந்ததாகச் செய்தி வந்ததே, அதற்குக் கொஞ்ச நாள் கழித்து நடந்தது. விடியும் நேரம். தனுஷ்கோடி முனையான அரிச்சல்முனைக்கு அப்பால் ஒரு மணல் திட்டில் யாரோ துணியை ஆட்டினார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு பெண்கள், ஒரு பெரியவர், சின்னப் பிள்ளைகள். மன்னார்ப் பக்கம் இருந்து ராத்திரி ஏற்றி வந்தவன், "இதுதான் இந்தியா, நடந்தா ரோடு வரும்" என்று சொல்லி இறக்கிவிட்டுப் போய்விட்டான். சுற்றிலும் கடல், ரோடு எங்கே இருந்து வரும்? வெயில் ஏறிவிட்டால் அந்தத் திட்டில் கையகல நிழல்கூடக் கிடையாது.

எங்களிடம் இருந்த குடிதண்ணீர் கேனைக் கொடுத்தோம். ஆளைப் படகில் ஏற்றவில்லை. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஏற்றினால் ஆள் கடத்தியவன் நான் என்று ஆகிவிடும். படகு போகும், கடலுக்குப் போக அனுமதிக்கும் டோக்கன் நிற்கும், பிறகு என் பிள்ளைகளை யார் பார்ப்பது? கடலோரக் காவல் அவசர எண் 1093-க்கு போன் அடித்துவிட்டு, அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றோம். ஆள் வந்து கூட்டிப் போனார்கள். அப்புறம் எனக்கும் விசாரணை. உனக்கு எப்படித் தெரியும், முன்னாடியே பேசினாயா, போனைக் கொடு என்று. போன் மூன்று நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. ஊரிலேயே சிலர், "இனிமே பாத்தாலும் பாக்காத மாதிரி வந்துரு" என்றார்கள். அவர்கள் ஈவிரக்கம் இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் வீட்டிலும் கடன் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நானே எல்லை தாண்டியவன்தான். முன்னே விசைப்படகில் கூலிக்குப் போனபோது பிடிபட்டு இலங்கையில் விளக்கமறியலில், அதாவது விசாரணைக் காவலில், இருந்திருக்கிறேன். "கடல்ல கோடா போட்டிருக்கு" என்று எங்கள் ஆட்கள் பேட்டி கொடுப்பார்கள். படகில் ஜிபிஎஸ் இருக்கிறது, கோடு அதில் தெரியத்தான் செய்கிறது. இந்தப் பக்கத்தை இழுவை மடி போட்டு நாங்களே வழித்தாயிற்று, மீன் அந்தப் பக்கம் கிடக்கிறது, போகிறோம். கோர்ட் வாசலில் அந்த ஊர் மீனவர் ஒருவர் என்னை நிறுத்தினார். "சண்டை முடிஞ்சு இப்பதான் கடன் வாங்கி வலை போட்டனான். நீங்கள் ஒரு ராத்திரியிலை அறுத்துக்கொண்டு போறியள். ஆரிட்டைப் போய்ச் சொல்ல?" என்று கேட்டார். தமிழில் கேட்டதால் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை.

ஆனால் ஒரு வித்தியாசம். எனக்காக இந்தியத் தூதரக ஆள் சிறைக்கு வந்தார். இங்கே மறியல் நடந்தது. ஒத்திவைத்த தண்டனையோடு ஊர் வந்து சேர்ந்தேன், படகுதான் அரசுடைமை ஆகிவிட்டது. திட்டில் நின்றவர்களுக்கு அப்படிக் கூப்பிட யாரும் இல்லை. சொந்த நாட்டுத் தூதரகத்தைக் கண்டாலே பயப்படுகிறவர்கள் அவர்கள்.

முகாமில் பிறந்தவள்:

அண்ணன் எழுதியதைப் படித்தேன். எங்கள் வீட்டுக் கதை வேறு மாதிரி.

அப்பாவும் அம்மாவும் 1984-ல் இலங்கையில் இருந்து அகதிகளாக வந்தவர்கள். அக்கா 1986-ல் பிறந்தாள், நான் 1993-ல். இரண்டு பேருக்கும் ஒரே அரசு மருத்துவமனை, ஒரே பள்ளிக்கூடம், ஒரே பத்துக்குப் பத்து வீடு. 1950 ஜனவரி 26-க்கும் 1987 ஜூலை 1-க்கும் இடையில் இந்தியாவில் பிறந்தவர்கள், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பால் குடிமக்கள் என்பது சட்டம். அக்கா அதில் வருகிறாள். அதற்குப் பிறகு பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். எனக்கு அது இல்லை. நான் இதுவரை எந்தக் கடலையும் தாண்டியதில்லை. ஆனால் ஆவணத்தில் என்னுடைய நிலைமை, படகில் வந்து இறங்கிய அப்பாவின் நிலைமைதான்.

அக்காவின் பையன் இன்னும் மோசம். அவள் கட்டிக்கொண்டது எங்களைப் போலவே முகாமில் இருப்பவரை. 2004 டிசம்பர் 3-க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிறப்பால் குடியுரிமை கிடையாது. அம்மா குடிமகளாக இருந்தாலும் மகன் இல்லை. இதைப் பள்ளியில் படிக்கும் பையனுக்கு எப்படி விளக்குவது? நாங்கள் விளக்கவில்லை.

தாத்தா இலங்கை மலையகத் தோட்டத்தில் வேலை பார்த்த இந்திய வம்சாவளிக்காரர். 1964-ல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக இருந்ததல்லவா, தாத்தாவும் அதில் மனுப் போட்டவர். தோட்டத்தில் அவர்களைக் 'கள்ளத்தோணி' என்று திட்டுவார்களாம். 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியாவுக்கு வந்தார்கள். மனு வரும் வரும் என்று காத்திருந்தார்கள். 1984-ல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. அப்புறம் உயிர் பிழைக்க நிஜமாகவே தோணி ஏறினார்கள். முறைப்படி கப்பலில் வந்திருந்தால் நாங்கள் இந்தியர்கள். தோணியில் வந்ததால் அகதிகள்.

படித்து முடித்து ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. நாட்டினம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். ஆதார் இருக்கிறதே, அப்புறம் என்ன சந்தேகம் என்றார் அந்த மேடம். ஆதாரை வைத்துக் குடியுரிமையை நிரூபிக்க முடியாது என்று அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதாயிற்று. பாடம் எடுத்ததால் வேலை போயிற்று.

பெயின்ட் கான்ட்ராக்டர், மதுரைப் பக்கம்:

எல்லாரும் உருகுகிறீர்கள், சரி. நான் வேறு பக்கம் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் பெயின்ட் வேலை என்றால் முகாம் ஆட்கள்தான். நல்ல வேலைக்காரர்கள், பட்டி பார்ப்பதில் அவர்களை அடிக்க ஆள் இல்லை. ஆனால் உள்ளூர் ஆள் கேட்கிற கூலிக்குக் கீழே வருவார்கள். அதனால் என்னோடு தொழில் கற்றவர்கள் பாதிப் பேர் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் கோபப்பட்டால் தப்பா? கூலி ஏன் குறைகிறது என்பதும் எனக்குத் தெரியும். பாக்கி வைத்தால் ஸ்டேஷனுக்குப் போய்ச் சண்டை போட மாட்டார்கள் என்று தெரிந்தே பாக்கி வைக்கிற மேஸ்திரிகள் எங்கள் தொழிலில் உண்டு. சாயங்காலம் முகாமுக்குத் திரும்ப வேண்டும், முகாமில் ஆள் கணக்குப் பார்க்கும் தணிக்கை அன்று வர மாட்டேன் என்பார்கள். அதையும் கூலியில் கழிப்பார்கள்.

அப்புறம் 2021-ல் 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தார்கள், 7,469 வீடுகள் புதிதாகக் கட்டுகிறோம் என்று. அதே ஊரில் என் தங்கச்சி புறம்போக்கு நிலத்துக்குப் பட்டா கேட்டு நடையாய் நடக்கிறாள். ஓட்டுப் போடுகிறவளுக்கு இல்லை, இவர்களுக்கு இருக்கிறதா என்று அவள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

முகாமில் பிறந்தவள்:

அண்ணா, அந்த வீட்டுக்கு எங்களுக்கும் பட்டா கிடையாது. உங்கள் தங்கச்சியும் நாங்களும் அதே அலுவலகத்து வாசலில்தான் நிற்கிறோம், வேறு வேறு வரிசை. கூலி பாக்கி விஷயம் முழு உண்மை. என் அப்பாவுக்கே வர வேண்டியது இருக்கிறது.

ஓய்வுபெற்ற கடலோரக் காவலர்:

நான் அந்தத் திட்டுகளில் வேலை பார்த்தவன். ஆளை இறக்கிவிட்டுப் போகிறவன் யார் என்று யாரும் எழுதவில்லையே. அவன் புதிய ஆள் இல்லை. பீடி இலை, கடல் அட்டை ஏற்றுகிற அதே வலைப்பின்னல். இலங்கையில் மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியபோது இங்கே இருந்து மூட்டை மூட்டையாக மஞ்சள் போனது. சரக்கோடு போன படகு சும்மா திரும்பாது. ஒரு நாள் தங்கம் வரும், ஒரு நாள் ஆள் வரும். அவனைப் பொறுத்தவரை இரண்டும் எடைதான்.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்ணிடம் "யார் கூட்டி வந்தது" என்று கேட்க வேண்டியது என் வேலை. கேட்டேன். கடினமாகக் கேட்டிருக்கிறேன். 1991-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு இந்தக் கரையில் ஓர் ஆள் இறங்கினால் யார், என்ன என்று பார்க்காமல் விட முடியாது. அந்தக் காலத்தை நேரில் பார்க்காதவர்களுக்கு இது கொடுமையாகத் தெரியலாம். எனக்கு உறுத்துவது வேறு. பெயர் சொல்லவே பயப்படுகிற அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போகிறாள், படகோட்டி அடுத்த வாரம் மறுபடி வருகிறான். பிடித்தவர்களில் அநேகம் பேர் ஏறியவர்கள். ஏற்றியவர்கள் குறைவு.

மன்னாரில் இருந்து ஒருவர்:

இங்கே இருக்கிறவர்களின் பக்கத்தையும் எழுத விடுங்கோ.

2022-இல் மண்ணெண்ணெய் இல்லாமல் எங்கட படகுகள் கரையில் கிடந்தன. பால்மாவுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. பக்கத்து வீட்டுக்காரர் மனிசியின் தாலிக்கொடியை அடகு வைத்து ஏஜென்டுக்குக் காசு கட்டினார். முதல் முறை நேவி மறித்து, மன்னார் நீதிமன்றம் கொண்டுபோனது. நாட்டை விட்டு அனுமதியில்லாத துறையால் வெளியேறுவதே இங்கே குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. இரண்டாம் முறை போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் பசியால் போனார்கள் என்று உங்கட பேப்பர்கள் எழுதின. உண்மைதான். போகாத எங்களுக்கும் அதே பசிதானே இருந்தது? கோபமாக இல்லை, ஆனால் அவர்கள் போன பிறகு அவர்களின் கடனுக்கு என் வாசலில் வந்து நின்றார்கள்.

திரும்பி வருகிறவர்களின் கதை ஒருவருக்கும் தெரியாது. என் மாமா குடும்பம் ஐ.நா. அகதிகள் அமைப்பு கொடுத்த டிக்கெட்டில் திரும்பி வந்தது. காணியில் காடு. எல்லைக்கல் எது என்று காட்டக்கூடியவர் செத்துப்போனார். பிள்ளைகள் தமிழ்நாட்டுத் தமிழ் கதைக்கினம், பள்ளியில் "இந்தியாக்காரர்" என்று பகிடி பண்ணுகிறார்கள். 2025 மே மாதம் இப்படி அந்த அமைப்பின் உதவியோடு திரும்பி வந்த ஒரு முதியவரை யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்தார்கள். என்ன குற்றம்? எத்தனையோ வருடத்துக்கு முதல் போர்க்காலத்தில் அனுமதி இல்லாமல் வெளிக்கிட்டது. அந்தச் செய்திக்குப் பிறகு, வரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த எங்கட சொந்தக்காரர் இரண்டு குடும்பம் பயணத்தை நிறுத்திவிட்டது.

பாம்பன் மீனவர்:

அந்தப் பெரியவர் போகும்போதும் குற்றவாளி, வரும்போதும் குற்றவாளி. 2022-ல் வந்தவர்களுக்கு இந்தப் புது விலக்கு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டில் பார்த்த பெரியவர் மண்டபம் முகாமில் இருக்கிறார், போனால் பேசுவேன். பிள்ளைகள் இங்கே பள்ளிக்குப் போகிறார்கள்.

வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா:

கிடையாது. ஆணையில் இருக்கும் தேதி 2015 ஜனவரி 9, அதோடு பதிவும் இருக்க வேண்டும். 2022-ல் வந்தவர்கள் இரண்டிலும் வெளியே. 2019 குடியுரிமைத் திருத்தமும் உதவாது, அது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானுக்கு மட்டும். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பதால் 'அகதி' என்று உரிமையாகக் கேட்கவும் தனிச் சட்டம் இல்லை. மலையக வம்சாவளி என்று காட்டக்கூடியவர்கள் விஷயம் கொஞ்சம் வேறு. 2019-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அப்படிப்பட்டவர்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொல்லியிருக்கிறது. தாத்தாவின் மனு, தோட்டப் பதிவு, பழைய பாஸ்போர்ட் என்று எந்தக் காகிதம் இருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். கறையான் அரித்த துண்டாக இருந்தாலும் சரி.

முகாமில் பிறந்த தங்கைக்கு: உங்கள் அக்காவுக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுக்கும் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் இருக்கும் தேதியும் முகாம் பதிவு அட்டையில் இருக்கும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நாங்கள் பார்த்த மனுக்களில் பாதி அங்கேதான் சிக்கி நின்றன.

முகாமில் பிறந்தவள்:

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சான்றிதழில் 1986. அட்டையில் 1987 என்று மட்டும் இருக்கிறது, மாதம் இல்லை.

வழக்கறிஞர் அலுவலகக் குமாஸ்தா:

அப்படியானால் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் அட்டையைத் திருத்தும் வேலை இருக்கிறது. ஜூலைக்கு முந்தியா பிந்தியா என்று கேட்பார்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல், பிறந்த மருத்துவமனையின் பதிவு இரண்டையும் எழுதிக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகக் கேட்டால் நாளை வா என்பார்கள். மனுவாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிவிடுங்கள்.