அந்த விருந்து நடந்திருக்க வேண்டுமா?

பால்மரத்தடி:
'பெர்ஃபெட்டி ஸ்கொனோஷூட்டி' படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லாமல் என் கோபத்தைச் சொல்ல முடியாது. சனிக்கிழமை இரவு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் மூன்று தம்பதிகள் கூடி, 2016இல் வந்த இத்தாலியப் படமான 'பெர்ஃபெட்டி ஸ்கொனோஷூட்டி'யைப் பார்த்தோம். பாவ்லோ ஜெனோவேசே இயக்கியது. சந்திர கிரகண இரவில் ஏழு நண்பர்கள் விருந்துக்குக் கூடுகிறார்கள். எல்லாருடைய கைப்பேசியும் மேசைமேல் இருக்க வேண்டும், வரும் செய்தியை உரக்கப் படிக்க வேண்டும், அழைப்பை எல்லாருக்கும் கேட்கும்படி பேச வேண்டும் என்று வீட்டுக்காரி ஏவா ஒரு விளையாட்டைத் தொடங்குகிறாள். சாப்பாடு முடிவதற்குள் மூன்று திருமணங்களும் சிதறுகின்றன. முதல் பாதியில் வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கடைசியில், அந்த விளையாட்டே நடக்கவில்லை, கணவன் ரோக்கோ மறுத்துவிட்டான் என்று காட்டுகிறார்கள்! எல்லாரும் சிரித்தபடி விடைபெறுகிறார்கள். இது கோழைத்தனமான முடிவு.

பழைய கிராணி:
இல்லை அம்மா, அதுதான் படத்தின் உயிர். ஏன் மறுத்தாய் என்று ஏவா கேட்கும்போது, நாம் எல்லாருமே உடையக்கூடியவர்கள் என்கிறான் ரோக்கோ. நான் வளர்ந்தது ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வீட்டில். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த பலகைச் சுவர் கூரையைத் தொடாது. கணவன் மனைவி சண்டை பிடித்தால் நாலு வீட்டுக்குக் கேட்கும். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நிற்கும்போது ஒருவரும் அதைப்பற்றி வாய் திறக்க மாட்டார்கள். கோயில் திருவிழாப் பந்தியில் அதே குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டன. கேட்டதைக் கேட்காததுபோல் விட்டதால்தான் அந்த நெருக்கடியில் மானத்தோடு வாழ முடிந்தது.

பால்மரத்தடி:
ஐயா, அந்தச் சுவர் எனக்கும் தெரியும். என் சின்னம்மா அடிவாங்கிய சத்தமும் அதன் மேலாகத்தான் வந்தது. மறுநாள் வீங்கிய கன்னத்தோடு பால்வெட்டுக்குப் போவார். பார்த்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள், ஒருவரும் கேட்கவில்லை. குடும்ப வன்முறைச் சட்டமே நம் நாட்டில் 1994இல்தான் இயற்றப்பட்டது. அதற்குள் சின்னம்மாவின் பாதி ஆயுள் போய்விட்டது.

செம்பனைநிழல்:
அக்கா, அடியையும் அந்தரங்கத்தையும் ஒன்றாக்க வேண்டாம். 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 106ஆவது பிரிவைப் பாருங்கள். இருவரும் சம்மதிக்காத மணவிலக்கு என்றால், சில விலக்குகள் தவிர, மனுப் போடுவதற்கு முன் சமரசக் குழுவிடம் போயாக வேண்டும். சட்டமே பேசச் சொல்கிறது. ஆனால் மூடிய அறையில், விருந்து மேசையில் அல்ல. இந்தப் படம் 18 மறுஆக்கங்களோடு 2019இல் கின்னஸில் ஏறியது. எல்லா ஊரிலும் இதே பயம்தான் போலிருக்கிறது.

பழைய கிராணி:
சின்னம்மா விஷயத்தில் நான் சொன்னது தவறு, அம்மா. அடி விழும் சத்தம் கேட்டால் சுவரைத் தட்டியிருக்க வேண்டும். நானும் தட்டியதில்லை. ஆனால் ரோக்கோவின் மகளை நினைத்துப் பாருங்கள். காதலனோடு இரவு தங்கலாமா என்று அப்பாவிடம் கேட்க அழைக்கிறாள். எவ்வளவு அருமையாகப் பதில் சொல்கிறான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தனையும் மேசை முழுக்கக் கேட்கிறது, அவளுக்குத் தெரியாமலேயே. அவர்கள் உண்மை விளையாட்டுக்கு அந்தப் பெண் எப்போது சம்மதித்தாள்?

பால்மரத்தடி:
மகளை நான் யோசிக்கவில்லை. அது அநியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விருந்துக்குத் தனியாக வந்த நண்பன் பெப்பேயை விட்டுவிடாதீர்கள். தன் இரகசியத்தை மறைக்க இன்னொரு நண்பன் லேலே அவனோடு கைப்பேசியை மாற்றிக்கொள்கிறான். பெப்பேயின் காதலன் அனுப்பிய செய்தி லேலேயின் தலையில் விடிகிறது. அப்போது நண்பர்கள் லேலேயை நடத்திய விதத்தைப் பார்த்த பிறகுதான், என் காதலனை உங்களிடம் அழைத்துவர மாட்டேன் என்கிறான் பெப்பே. விளையாட்டு நடக்காத இரவில் ரோக்கோவின் குடும்பம் பிழைத்துக்கொள்கிறது. பெப்பே வழக்கம்போல் தனியாக வண்டியோட்டிக்கொண்டு போகிறான், சிறு வயது நண்பர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. அவன் வீட்டுச் சுவர் மட்டும் கூரைவரை எழும்பியிருக்கிறது. அவனுக்காக நீங்கள் என்ன சொல்வீர்கள், ஐயா?