வளவு வீட்டைப் பதிவு செய்ய: ரிக்கோ ஜிஆர் 3-ஆ, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7-ஆ?

வளவுப்புள்ளி:
கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீடு. மராமத்து தொடங்குமுன் வாசல் நிலை, தூண், தரை, மேலே உள்ள சுதைச் சிற்பம் எல்லாவற்றையும் படமெடுத்து, பங்காளிகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டும். தை மாதம் அதே வளவில் ஓர் அறுபதாங்கல்யாணம். அதற்கும் இதே கேமராதான். பையில் அடங்குவதாக இருக்க வேண்டும். பழையதில் இரண்டு கிடைக்கிறது: ரிக்கோ ஜிஆர் 3, சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7. இரண்டுமே 2019-இல் வந்தவை, விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை. எதை எடுக்கலாம்?

செம்மண் கண்:
ஜிஆர் 3. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அதன் சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு) 23.5 × 15.6 மி.மீ., சோனியில் 13.2 × 8.8 தான். பரப்பில் மூன்று மடங்குக்கும் மேல். செட்டிநாட்டு வீட்டில் சிக்கலே வெளிச்சம்தான். வளவு முற்றத்தில் வெயில் கொட்டும், பத்தடி தள்ளிப் பட்டாலையில் தேக்குத் தூண் கறுப்பாக நிற்கும். முற்றம் வெளுத்துப்போகாமல் எடுத்துவிட்டு, ரா கோப்பில் (கேமரா திருத்தாத மூலப் படத்தில்) நிழலைத் தூக்கினால் ஜிஆரில் மரத்தின் ரேகை வரும். சின்ன சென்சாரில் மணல் தூவியது போல நாய்ஸ்தான் வரும். போதாக்குறைக்கு சோனி லென்ஸ் அதன் அகலமான 24 மி.மீ. கோணத்தில் கோட்டை வளைக்கும், மென்பொருள்தான் நிமிர்த்துகிறது. வரிசைத் தூண் எடுக்கிற இடத்தில் ஓரம் இழுபட்டுத் தெரியும்.

ரெண்டாங்கட்டு:
அண்ணே, சென்சாரை மட்டும் அளந்தீங்க, வீட்டை அளக்கலையே. ஜிஆர் லென்ஸ் 28 மி.மீ., ஜூம் கிடையாது; சோனி 24-லேருந்து. எண் சின்னதா இருந்தா அகலம் அதிகமா விழும். பத்தடி தள்ளி நின்னா 28-ல பன்னிரண்டு அடி பத்து அங்குலம் அகலம் விழும், 24-ல பதினைஞ்சு அடி. கேமராவைப் படுக்கையா பிடிச்சா உயரம் எட்டரை அடிக்கும் பத்தடிக்கும் உள்ள வித்தியாசம். முகப்பு நிலை மேற்பலகையோட சேர்த்து எட்டரை அடிக்குள்ள அடங்குமா? செங்குத்தா பிடிச்சா ரெண்டு பக்கத் திண்ணையும் போயிரும். பின்னால நகரலாம்னா முதுகுல தூண் இடிக்கும்.

அப்புறம் நிலைக்கு மேல இருக்கிற கஜலட்சுமி. சோனி 200 வரைக்கும் போகும். ஜிஆர் படத்தை 200 அளவுக்கு வெட்டிப் பாருங்க, 24 மெகாபிக்சல்ல அரை மெகாபிக்சல்கூட மிஞ்சாது.

செம்மண் கண்:
கணக்கு சரி, கேள்விதான் தப்பு. மூன்றடி அகலப் பலகையைப் பத்தடியிலிருந்து நிரப்ப 200 எதற்கு? 100 போதும். அந்த அளவுக்கு வெட்டினால் ஜிஆரில் 1.9 மெகாபிக்சல். போதாதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தரையில் நின்று அண்ணாந்து எடுக்கும் படம் பதிவு வேலைக்கே ஆகாது. பலகை மேலே குறுகி, லட்சுமியின் கால் பெருத்துத் தலை சிறுக்கும். ஆறடி ஏணி போட்டு, மூன்றடி தூரத்தில் நேருக்கு நேர் எடுங்கள். 28-இல் மூன்றே முக்கால் அடிக்கு மேல் விழும். முழு 24 மெகாபிக்சல், வளைவும் இல்லை. மராமத்து நடக்கப்போகும் வீட்டில் ஏணிக்கா பஞ்சம்?

ரெண்டாங்கட்டு:
நிலைக்கு ஏணி சரி. மாடிக் கைப்பிடிச் சுவர்ல இருக்கிற சுதைக்கு? முப்பதடி உயரம், பழைய சுண்ணாம்பு. அங்க ஏணி சாத்துனா படம் கிடைக்கும், சுதை கிடைக்காது.

திண்ணை:
இவ்வளவுக்கும் கையில் இருக்கிற ஃபோன் போதாதா?

செம்மண் கண்:
வாட்ஸப்புக்குப் போதும். ஃபோன் பல படங்களை ஒட்டி நிழலையும் வெளிச்சத்தையும் அதுவாகவே சமன் செய்கிறது. இருட்டு எவ்வளவு இருட்டு என்பதை அதுதான் தீர்மானிக்கும். அரக்கும் பழுப்பும் அறைக்கு அறை மாறும். அகல லென்ஸ் சுமார் 13 மி.மீ., சென்சார் பொடி. ஓரத்துச் செதுக்கல் குழைந்துவிடும். ஒரே நிலையை மராமத்துக்கு முன்னும் பின்னும் ஒப்பிட வேண்டிய வேலைக்கு அது உதவாது.

தேக்கு ஸ்குரூ (கேமரா பழுதுபார்ப்பு):
ரெண்டு பேரும் முக்கியமான ஒண்ணை விட்டுட்டீங்க. வீட்டுப் பதிவு முழுக்க முக்காலியில்தான் நடக்கணும். ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு, கூட்டினா நாய்ஸும் கூடும்) 100, ரெண்டு செகண்ட் டைமர், ஷட்டர் ஒரு செகண்ட் ஆனாலும் கவலை இல்லை. தூண் எங்கேயும் ஓடாது. அப்போ ஐஎஸ்ஓ சண்டைக்கே இடமில்லை. முற்றத்து வெயிலுக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைச்சு மூணு படம் பிராக்கெட்டிங், ரெண்டு ஸ்டாப் இடைவெளியில் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு). சேர்த்துட்டா சின்ன சென்சாரும் தாங்கும்.

கையில் பிடிச்சே எடுத்தாலும் சென்சார் லாபம் முழுசாக் கிடைக்காது. தூண் வரிசை முன்னாலிருந்து பின்னால்வரை கூர்மையா வேணும் இல்லையா? சோனியில் 24-இல் எஃப்/2.8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினா துளை சிறுசு) வெச்சு ரெண்டரை மீட்டர் சொச்சத்தில் ஃபோகஸ் பண்ணினா, சுமார் 1.3 மீட்டரிலிருந்து கடைசிவரை வரும். ஜிஆரில் அதே ஆழத்துக்கு எஃப்/5.6-க்கு மூடணும், அப்பவும் ஒன்றரை மீட்டரிலிருந்துதான். ரெண்டு ஸ்டாப் வெளிச்சம் போச்சு. பெரிய சென்சாரின் லாபமே ஒன்றரை ஸ்டாப் சொச்சம்தான். வரவும் செலவும் நேராயிடுச்சு.

செம்மண் கண்:
எஃப்/2.8-இல் சோனியின் மூலை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லுங்களேன்.

தேக்கு ஸ்குரூ:
மென்மைதான், மறுக்கல. எஃப்/4-க்கு மூடினா தேறும். 5.6-ஐத் தாண்டாதீங்க, சின்ன சென்சாரில் ஒளிச்சிதறலால் மொத்தப் படமும் மங்கும். ஜிஆரில் எஃப்/8 வரை பயமில்லை. மூலைக்கு மூலை கூர்மை என்று பார்த்தா ஜிஆர்தான், அதில் வாதமே இல்லை.

வளவுப்புள்ளி:
ஆத்தங்குடித் தரைக்கு எது நல்லது? பூ வடிவம் அறைக்கு அறை வேறு. ஒவ்வொன்றும் மேலிருந்து நேராக வேண்டும்.

ரெண்டாங்கட்டு:
சோனித் திரை மடங்கும். கேமராவை நீட்டித் தரையைப் பார்க்கப் பிடிச்சுட்டு, திரையைத் திருப்பி நேரா பார்க்கலாம். ஜிஆர் திரை அசையாது, குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போயிரும். கண்ணாடி மேல வார்த்த கல் இல்லையா, தேய்ச்சுத் தேய்ச்சு இன்னும் பளபளப்பா இருக்கும். ஜன்னல் வெளிச்சம் அப்படியே வெள்ளையாத் திட்டு விழும். ஒரு பக்கக் கதவைச் சாத்திட்டு, எதிர்ப்பக்க வெளிச்சத்துல எடுங்க. ஃபிளாஷ் போட்டா நட்ட நடுவுல நட்சத்திரம்தான்.

செம்மண் கண்:
திரை விஷயத்தில் சோனிக்கு ஒரு புள்ளி. மதிய வெயிலில் முற்றத்தில் நின்றால் அதன் வ்யூஃபைண்டரும் உதவும். ஜிஆரில் அது கிடையாது. தரையை எடுக்கும்போது ஜிஆரை ஃபோனோடு இணைத்து ஃபோனில் பார்க்கலாம், ஆனால் பேட்டரி கரையும். ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம் என்பதே கணக்கு. சோனிக்கு 260. எதை வாங்கினாலும் கூடுதலாக இரண்டு பேட்டரி வேண்டும். ஜிஆர் யுஎஸ்பி-சி, சோனி இன்னும் பழைய மைக்ரோ யுஎஸ்பி. ஃபோன் சார்ஜர் ஒயர் உதவாது.

நிறத்துக்கு ஒரு வார்த்தை. அறையில் எல்இடியை அணைத்துவிடுங்கள். முற்றத்து வெளிச்சமும் எல்இடியும் கலந்தால் சுண்ணாம்புச் சுவர் ஒரு பக்கம் நீலம், ஒரு பக்கம் மஞ்சள். வண்ணக் கண்ணாடி ஜன்னல் உள்ள அறையில் வெள்ளைச் சமநிலையை (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பை) ஆட்டோவில் விடாதீர்கள். முற்றத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பார்த்து அமைத்து, அதையே வீடு முழுக்க வைத்திருங்கள். வெள்ளைச் சுவர் நிறைந்த படத்துக்கு எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +0.7 கூட்டுங்கள், இல்லையென்றால் சுவர் சாம்பலாகும்.

தேக்கு ஸ்குரூ:
வாங்குமுன் தூசி பாருங்க. ரெண்டிலும் லென்ஸ் நீண்டு சுருங்கும், சுருங்கும்போது காற்றோட செம்மண் பொடியையும் இழுக்கும். ஜிஆரில் சென்சாரை உதறும் வசதி இருந்தும் தூசிப் புகார் அதுக்குத்தான் அதிகம் வருது. லென்ஸைக் கழற்ற முடியாது, பிரிச்சுத்தான் துடைக்கணும். கூலியை விலையில் கழிச்சுக்குங்க.

சோதனை சுலபம். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் துளையை, முழுசா மூடி (ஜிஆர் எஃப்/16, சோனி எஃப்/11) வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஃபோகஸ் இல்லாம எடுங்க. படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமா நகர்த்துங்க. ஒரே இடத்தில் சாம்பல் பொட்டு தெரிஞ்சா அது தூசி. அடுத்து, சோனியை 24-லிருந்து 200-க்குப் பத்துத் தடவை ஓட்டுங்க. நடுவில் தயங்கினாலோ, அணைத்துப் போடச் சொல்லி எழுத்து வந்தாலோ உள்ளே ஃபிளெக்ஸ் கேபிள் நைஞ்சிருக்கு, விட்டுடுங்க. வ்யூஃபைண்டரும் ஃபிளாஷும் மேலெழும்பி நிக்குதா பாருங்க. ஜிஆரில் பின்பக்கச் சக்கரம். ஒரு க்ளிக் சுற்றினா ரெண்டு தாவினாலோ எதிர்த்திசையில் போனாலோ தேய்ஞ்சாச்சு.

வளவுப்புள்ளி:
அறுபதாங்கல்யாணத்துக்கு?

செம்மண் கண்:
இங்கே முக்காலிக்கு வழியில்லை, ஆகவே மறுபடி என் பக்கம்தான். ஆட்கள் அசைவார்கள், ஷட்டர் 1/125 விநாடியாவது வேண்டும். ஜிஆரில் ஐஎஸ்ஓ 6400 தருவதை சோனியில் 2000-இல்தான் பார்க்கலாம். நீங்கள் ஜூம் செய்து 100-க்குப் போனால் அப்பர்ச்சரே 4.5; எஃப்/2.8-இல் ஐஎஸ்ஓ 3200 என்றால் அங்கே 8000-ஐத் தாண்டும். முகமெல்லாம் எண்ணெய் வடிந்த மாதிரி குழையும்.

ரெண்டாங்கட்டு:
கலசத் தண்ணி ஊத்துறப்ப 28-ல முகம் பெருசா வரணும்னா நாலடியில நிக்கணும். தண்ணி தெறிக்கும், ஹோமப் புகை வேற. ரெண்டுமே தண்ணி தாங்காத கேமரா. உறவுக்காரங்க கூட்டத்துல அந்த நாலடி இடத்தை யார் விடுவா? மங்கலான வெளிச்சத்துல ஜிஆர் ஃபோகஸ் முன்னும் பின்னும் தேடும். சோனி கண்ணைப் பிடிச்சா விடாது. நாய்ஸ் இருக்கிற படம் கிடைச்ச படம், ஃபோகஸ் போனது போனதுதான்.

வீடியோவும் இருக்கு. ஜிஆர்ல 4கே கிடையாது. சோனியில உண்டு, மைக் குத்தவும் இடம் இருக்கு.

செம்மண் கண்:
4கே எடுத்தால் வெப்பத்தில் சோனி தானாக அணையும், அதையும் சொல்லுங்கள். ஃபிளாஷைப் பற்றி யாரும் பேசவில்லை. சோனி ஃபிளாஷை விரலால் மேல்நோக்கிச் சாய்த்து உத்தரத்தில் அடிக்கலாம் என்பார்கள். பத்தடிச் சிமெண்டு தளத்துக்குச் சரி. இந்த வீட்டு உயரத்துக்கும் இருண்ட தேக்கு உத்தரத்துக்கும் அது திரும்பி வராது. ஜிஆரில் ஃபிளாஷே இல்லை, ஆனால் மேலே ஹாட் ஷூ உண்டு. சிறிய ஃபிளாஷைப் பொருத்தி, பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரில் அடித்தால் மெத்தென்று வெளிச்சம் விழும். சோனியில் ஹாட் ஷூவே கிடையாது.

ரெண்டாங்கட்டு:
இது நல்ல யோசனைண்ணே, ஒத்துக்கிறேன்.

வளவுப்புள்ளி:
வீட்டுப் பதிவுதான் முதல் வேலை. முக்காலியும் ஏணியும் இருக்கின்றன. மாடிச் சுதைக்கு மட்டும் வேறு வழி இல்லை. அதனால் சோனியைப் போய்ப் பார்க்கிறேன், வெள்ளைச் சுவர்ச் சோதனையோடு. விழாவுக்குத் தனியாகப் படக்காரர் வைத்துக்கொள்கிறேன்.

செம்மண் கண்:
ஜிஆருக்கு 21 மி.மீ. ஆக்கும் ஜிடபிள்யூ-4 லென்ஸ் உண்டு, பத்தடியில் பதினேழு அடி விழும். அதையும் கணக்கில் சேருங்கள்.

ரெண்டாங்கட்டு:
அதை மாட்ட ஜிஏ-1 அடாப்டர் தனியா வாங்கணும், மாட்டுனா பையில போகாது. மேல இருக்கிற சுதை இன்னும் சின்னதாத்தான் தெரியும், அண்ணே.