எட்டு வயதுப் பிள்ளையை ஆண்டு முழுவதும் நடக்கும் நீச்சல் அணியில் இப்போதே சேர்க்க வேண்டுமா?

கோடைக்கால லீக்கில் மகள் நன்றாக நீந்தினாள், ஆண்டு முழுவதும் இயங்கும் கிளப்பில் உடனே சேர்க்காவிட்டால் பின்தங்கிவிடுவாளோ என்ற கவலை வர்ஜீனியா, மேரிலாந்து பகுதிகளுக்குப் புதிதாக வந்த பல பெற்றோருக்கு இருக்கிறது. பின்தங்கமாட்டாள் என்பதே என் உறுதியான கருத்து. அவளே விரும்பிக் கேட்கும் வரை, பத்து, பதினொரு வயது ஆனாலும், தயங்காமல் காத்திருக்கலாம்.

இரண்டும் முற்றிலும் வேறானவை. கோடைக்கால லீக் குடியிருப்புக் குளத்தில் ஜூன், ஜூலை மாதங்களோடு முடிந்துவிடும். அமெரிக்க நீச்சலின் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ ஸ்விம்மிங்கில் பதிவுபெற்ற கிளப்பிலோ செப்டம்பரில் தொடங்கும் பருவம் மார்ச் வரை 25 கெஜக் குளத்திலும், பிறகு கோடை முடிவு வரை 50 மீட்டர் குளத்திலும் தொடரும். போட்டிகள் பெரும்பாலும் வார இறுதியை முழுதாக எடுத்துக்கொள்ளும். மாதக் கட்டணத்துக்கு மேல் போட்டிக் கட்டணமும், நேரம் குறிக்கக் கடிகாரத்தோடு குளக்கரையில் நிற்கும் பெற்றோர் கடமையும் உண்டு. தமிழ்ப் பள்ளியும் நடன வகுப்பும் வார இறுதியில்தான் நடக்கின்றன என்பதால், எதை விடப்போகிறோம் என்பதைச் சேர்வதற்கு முன்பே வீட்டில் பேசி முடிவெடுத்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் தொடங்கியவர்களுக்கு உதாரணமாக அமெரிக்க நீச்சல் வீராங்கனை கேட்டி லெடெக்கியைச் சொல்வார்கள். ஆறு வயதில் மேரிலாந்தின் பெதெஸ்டாவில் நீந்தத் தொடங்கி, 15 வயதில் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் தங்கம் வென்றவர் அவர். ஆனால் அவர் தொடங்கியது குடியிருப்புக் குளத்தின் கோடைக்கால அணியில்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. மாறாக, இன்னொரு அமெரிக்க வீரரான ரௌடி கெய்ன்ஸ் போட்டி நீச்சலுக்கு வந்ததே 17 வயதில். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் பெற்றார். இருவருமே அபூர்வமானவர்கள், ஆகவே இவர்களை வைத்து நம் பிள்ளையின் வயதைக் கணக்கிட முடியாது.

பத்து, பன்னிரண்டு வயதுப் போட்டிகளின் முடிவுகளைப் பார்க்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த வயதில் சிலர் முன்னதாகவே உயரமும் வலுவும் பெற்றுவிடுகிறார்கள், அவர்கள் வெல்வதில் பயிற்சியைப் போலவே உடல் வளர்ச்சிக்கும் பெரும் பங்குண்டு. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையும், பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வதை 15, 16 வயது வரை தள்ளிப்போடலாம் என்கிறது. வாரத்தில் ஓரிரு நாளும், மாதம் மாதமாகப் பிரித்து ஆண்டில் மூன்று மாதமும் அந்த விளையாட்டிலிருந்து ஓய்வு தரச் சொல்கிறது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் நீச்சலில் தோள்பட்டைதான் முதலில் வலிக்கும் என்பதால், இந்த ஓய்வை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

கோடை முடிந்த பிறகும், குளிர்காலத்திலும், எப்போது குளத்துக்குப் போகலாம் என்று அவளே கேட்டுக்கொண்டிருந்தால் தொடங்குங்கள். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். பந்தய நேரத்தைக் குறைப்பதைவிட நான்கு வகை நீச்சலையும் பிழையின்றிக் கற்பதே அந்த வயதின் வேலை. 12 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் டெக் சூட் எனப்படும் விலையுயர்ந்த பந்தய உடைகளை யுஎஸ்ஏ ஸ்விம்மிங் போட்டிகளில் அணிய 2020 செப்டம்பர் முதல் தடை இருப்பதால், அதற்காகச் செலவழிக்கவும் வேண்டாம்.

கிளப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பதக்கங்களைப் பற்றிக் கேட்பதற்கு முன், வேறு விளையாட்டுக்கு இடம் தருகிறார்களா, வருகை கட்டாயமா என்று கேளுங்கள். பயிற்சியாளர் ஒரு பிள்ளையோடு தனித்துப் பேசினாலும் அது பிறர் பார்க்கக்கூடிய இடத்தில்தான் நடக்க வேண்டும் என்பது விதி. அதை எப்படிக் கடைப்பிடிக்கிறார்கள் என்று கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

ஊருக்குப் போவதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பள்ளி விடுமுறையில் தாத்தா பாட்டியைப் பார்க்க நாம் கிளம்பும் ஜூன், ஜூலையில்தான் 50 மீட்டர் பருவம் சூடு பிடிக்கிறது. அந்த நான்கு, ஐந்து வாரம் மருத்துவர்கள் கேட்கும் ஓய்வுக்கும் பொருந்தும். அப்போது வராவிட்டால் இடம் போய்விடுமா, கட்டணம் தொடருமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த விடுப்பைத் தர மறுக்கும் கிளப்பை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுங்கள்.